மெய்யான நிழலும் பொய்யான படமும்

அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் புகைப்படக் கலையைப் போதித்துவந்த ஜெர்ரி யூல்ஸ்மன் என்பவர் 1960-களின் இறுதியில் உருவாக்கிய படம் ஒன்று, இன்றளவும் அக்கலையைப் பயில்வோரால் வியந்து பேசப்படுகிறது. அதில் முக்கியமாக இருப்பவை மரமும் நீரும் வானமுமே; நாம் அன்றாடம் காணாத விந்தைப் பொருள் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அந்த மரம் மண்ணில் ஊன்றி நிற்கவில்லை. வேர்களெல்லாம் வெளியே தொங்க, அமைதியான நீர்ப்பரப்புக்கு மேலே, ஆதாரம் ஏதுமின்றி அந்தரத்தில் நிற்கிறது. பார்ப்பவருடைய புத்தி இது நடவாத காரியம் என்று அடித்துச் சொல்ல, கண்ணோ அதைச் சற்றும் பொருட்படுத்தாமல், நடந்திருப்பதைத்தான் பார்க்கிறோமே என்று சாதிக்கிறது. கண்ணுக்கும் புத்திக்கும் இப்படி ஒரு வழக்கை மூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதே இவ்வகைப் படங்களின் தொழில்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த வித்தை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் யூல்ஸ்மன் அந்தப் படத்தைச் செய்தது கைகளால். செவ்விளக்கு எரியும் இருட்டறையில். நெகடிவிலுள்ள உருவத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தின்மேல் ஒளியாக வீழ்த்தும் கருவிக்கு என்லார்ஜர் என்று பெயர்; சாமான்யமாக ஒரு புகைப்படக்காரருக்கு அது ஒன்று போதும். யூல்ஸ்மனோ ஏழெட்டு என்லார்ஜர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு நெகடிவை வைத்திருப்பார். ஒன்றில் ஏரி, இன்னொன்றில் மரம், மற்றொன்றில் மேகம். ஒளியுணர் காகிதத்தை முதல் என்லார்ஜரின் கீழ் வைத்து, மரம் வரவேண்டிய மேற்பாதியை ஓர் அட்டையால் மறைத்து, ஏரியின் ஒளியை மட்டும் கீழ்ப்பாதியில் விழச்செய்வார். அந்த அட்டையும் ஓரிடத்தில் நில்லாமல் மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருக்கவேண்டும், நின்றால் அது மறைத்த எல்லை ஒரு கோடாகக் காகிதத்தில் விழுந்துவிடும். பிறகு அதே காகிதத்தை அடுத்த என்லார்ஜருக்கு எடுத்துச் சென்று, இம்முறை கீழ்ப்பாதியை மறைத்து மரத்தை விழச்செய்வார். இவ்வளவும் நடக்கையில் காகிதம் வெண்மையாகவே இருக்கும். அதில் என்ன பதிந்திருக்கிறது என்று செய்தவருக்கும் தெரியாது. டெவலப்பர்த் தட்டில் அமிழ்த்திச் சிறிது நேரம் ஆட்டிய பிறகுதான் மரம் கரும்புகைபோல் எழும். மயிரிழை பிசகியிருந்தால் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, முதல் என்லார்ஜரிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

யூல்ஸ்மனுடைய சிந்தனையும் அக்காலத்துக்குப் புதிது. காமிராவின் பொத்தானை அழுத்துமுன்பே முடிவான படத்தை மனக்கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பது ஆன்ஸல் ஆடம்ஸ் முதலிய ஆசிரியர்கள் வகுத்த மார்க்கம். படம் எடுத்த பின்னரும் கற்பனை உறங்கவேண்டியதில்லை, இருட்டறையிலும் அது தொடரலாம் என்பது யூல்ஸ்மனின் வாதம். தாம் எடுத்த நெகடிவ்களின் சிறு பிரதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தப் பாறைக்கு எந்தக் கை பொருந்தும், எந்த வீட்டுக்கு எந்த வேர் பொருந்தும் என்று மணிக்கணக்கில் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். 1967-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்திற்று. 1934-இல் பிறந்த அவர் 2022-இல் காலமானார்.

பல நெகடிவ்களைச் சேர்த்து ஒரு படமாக்கும் வழக்கத்தை யூல்ஸ்மன்தான் ஆரம்பித்தார் என்று கொள்ளலாகாது. அது புகைப்படக் கலையின் பால்யப் பிராயத்திலேயே, விசித்திரத்துக்காக அன்றி வெறும் நிர்ப்பந்தத்தால் பிறந்தது. 1850-களில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக வாங்கிக்கொள்ளும் இயல்புடையவை. கடலுக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப் போகும், வானத்துக்குச் சரியாகக் கொடுத்தால் கடல் இருண்டு போகும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை வேறொரு தகட்டிலும் எடுத்துத் தொடுவானத்தில் இரண்டையும் இணைத்தார். ஆக, கண் காணும் உண்மையைக் காட்டுவதற்கே முதன்முதல் இந்தப் பொய் தேவைப்பட்டது! இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்வீடன்காரரான ஆஸ்கர் ரைலாண்டர் 1857-இல் ஏறக்குறைய 32 நெகடிவ்களை இணைத்து, ஒரு முதியவர் இரு வாலிபர்களை வாழ்க்கைக்குள் அழைத்துவர, ஒருவன் பக்தியையும் உழைப்பையும், மற்றவன் சூதையும் போகத்தையும் நாடுவதாக ஒரு பெரும் படத்தைச் சமைத்தார். அத்தனை பேரை ஒரே சமயத்தில் அசையாமல் நிறுத்திப் பிடிக்க அந்நாளைய தகடுகளால் இயலாது. அதிலிருந்த ஆடையற்ற உருவங்களைப் பார்த்துச் சில கனவான்கள் முகம் சுளித்தார்கள். விக்டோரியா மகாராணியோ ஒரு பிரதியை விலைக்கு வாங்கித் தம் கணவருக்குப் பரிசளித்தார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களால், சாகுந்தறுவாயிலுள்ள ஓர் இளம்பெண்ணின் படத்தை அமைத்தபோது, இத்தகைய துயரத்தைக் காமிரா கொண்டு எட்டிப்பார்ப்பதா என்று பலர் சீறினார்கள். அந்தப் பெண் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவள் என்பதை அறிந்த பிறகும் கோபம் முற்றிலும் அடங்கவில்லை.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் பெர்லினில் ஹன்னா ஹோக் போன்றோர் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டி, நாட்டியக்காரிகளின் உடம்பில் தளபதிகளின் தலையையும், தலைகளுக்கிடையே பல்சக்கரங்களையும் வைத்தார்கள். அவர்கள் தையலை மறைக்கவில்லை. கத்தரி பட்ட இடம் தெரியவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். 1924-இல் ஆந்த்ரே ப்ரெதோன் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். கனவில் பொருள்கள் எப்படித் தம் உறவுகளை மாற்றிக்கொள்கின்றனவோ அப்படிக் கலையிலும் மாற்றலாம் என்ற தைரியம் ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் ஏற்பட்டது. அதே ஆண்டில் மேன் ரே ஒரு பெண்ணின் முதுகுப் படத்தின்மேல், வயலினில் ஒலி வெளிவருவதற்காக வெட்டப்பட்டிருக்கும் இரு வளைந்த துளைகளை மட்டும் வரைந்தார். இரண்டே கோடுகள், முதுகு வாத்தியமாகிவிட்டது. அந்தப் படத்தின் மூலப்பிரதி 2022-இல் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலையைக் கேட்டு மலைப்பதைவிட, எவ்வளவு குறைவாகச் செய்து எவ்வளவு பெரிய மாற்றத்தை அவர் விளைவித்தார் என்று எண்ணி மலைப்பதே ரஸிகனுக்கு அழகு.

சேர்க்கையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஏதோ இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விசித்திரம் பிறந்துவிடாது. யானையின்மேல் குளிர்பதனப் பெட்டியை ஏற்றினால் அது விசித்திரமன்று, வெறும் அபத்தம். இரண்டுக்கும் நடுவே ஏதாவதொரு கள்ள உறவு இருக்கவேண்டும்: வடிவத்தில், அல்லது தொழிலில், அல்லது அவை வைக்கப்படும் இடத்தில். தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி ஒருவர் யானையும் காளையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் தலை ஒன்றேயாகச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருபுறத்தை உள்ளங்கையால் மறைத்தால் காளை. மறுபுறத்தை மறைத்தால் யானை. இரு பிராணிகளின் உருவக்கோடுகளும் எந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன என்று தேடிக் கண்ட அந்தக் கண்தான் இக்கலைக்கு மூலதனம்.

அந்தக் கண் இருந்தால் எடிட்டிங்கே வேண்டியதில்லை என்பதற்கு ஸ்பெயின் தேசத்துச் சேமா மாதோஸ் சாக்ஷி. 1958-இல் மாட்ரிட்டில் பிறந்த இவர், சாதாரணச் சாமான்களைத் தம் கைகளாலேயே கூட்டிப் பொருத்தி, இயற்கை வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பவர். கம்ப்யூட்டரைக் கொண்டு திருத்துவதில்லை. கண்ணாடி ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கும் ஏணி அவருடைய பிரசித்தி பெற்ற படங்களுள் ஒன்று. ஏணி சுவரோடு முடியாமல், கண்ணாடிக்குள்ளே புகுந்து அப்பால் இறங்குவதாகத் தோன்றுகிறது. எந்த வீட்டிலும் உள்ள இரண்டு பொருள்கள்தாம்; நாம் யாரும் ஏணியைக் கண்ணாடியின்மேல் சாய்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவே. ஸ்பெயின் அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் தேசியப் புகைப்பட விருதை அவருக்கு வழங்கியது.

இனி, கம்ப்யூட்டர் செய்த உபகாரத்துக்கு வருவோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல் என்பவர், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே காட்டக்கூடிய தம் மெக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக 1987-இல் ஒரு சிறு புரோகிராம் எழுதினார். திரைப்பட நுட்பக் கூடம் ஒன்றில் வேலைபார்த்துவந்த அவருடைய சகோதரர் ஜான் அதைக் கண்டு, இது வளரவேண்டிய பிள்ளை என்று தூண்டினார். அதுவே 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வாயிலாக ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளிவந்தது. அந்தப் புரோகிராமைத் திறக்கும்போது, அது தயாராகும் சில நொடிகளுக்குள் திரையில் ஓடும் பெயர்ப்பட்டியலில் நோல் பெயரை அடுத்துச் சீதாராமன் நாராயணன் என்னும் பெயரைப் பல ஆண்டுகளாகக் கண்டு, யார் இந்த மனிதர் என்று உலகெங்கும் டிசைனர்கள் ஆவலோடு விசாரித்ததுண்டு. ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய எஞ்சினீயர்களுள் அவர் ஒருவர்.

நம் விஷயத்துக்கு முக்கியமான மாறுதல் 1994-இல் மூன்றாம் பதிப்போடு வந்த லேயர் என்னும் ஏற்பாடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களாக அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், எந்தத் தாளையும் தனியே நகர்த்தலாம், நிறம் மாற்றலாம், மங்கச் செய்யலாம். ஒவ்வொரு லேயருக்கும் ஒரு மாஸ்க் உண்டு. மாஸ்க்கில் கறுப்புப் பூசிய இடம் மறையும், வெள்ளை உள்ள இடம் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரிந்து பாதி மறையும். யூல்ஸ்மன் இருட்டில் அசைத்துக்கொண்டிருந்த அட்டையே இந்த மாஸ்க். பிசகினால் காகிதத்தைக் குப்பையில் போடவேண்டியதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். 1990-களின் நடுவில் ஃபோட்டோஷாப்பில் ஒரு படம் செய்துதரும்படி யூல்ஸ்மனையே கேட்டார்கள். செய்துகொடுத்துவிட்டு அவர் தம் இருட்டறைக்கே திரும்பிவிட்டார். அக்காலத்தில் அவர் மனைவியாயிருந்த மாகி டெய்லரோ அந்தக் கருவியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் காமிராவைக்கூட அதிகம் நாடுவதில்லை. பழங்காலத்துத் தகட்டுப் படங்களையும், பொம்மைகளையும், பூச்சிகளையும் ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைத்து வருடியெடுத்து, லேயர் லேயராக அடுக்கி, 2008-இல் ஆலிஸின் அற்புத உலகத்துக்கு ஒரு சித்திரப் புத்தகமே செய்து முடித்தார். ஒரே வீட்டில் ஓர் அறையில் ரசாயன நெடி, மறு அறையில் கம்ப்யூட்டர் திரை. இரண்டிலிருந்தும் வெளிவந்தவை ஒரே குலத்துப் படங்கள்.

ஆனால் கருவி எளிதானதும் ஒரு கேடு விளைந்தது. ஒட்டுவது சுலபமாகவே, ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும் படங்கள் பெருகின. அவற்றைப் பார்த்ததும் ஏன் நமக்கு ஒருவித அருவருப்பு உண்டாகிறது என்பதை ஸ்வீடனில் 1985-இல் பிறந்த எரிக் யோகான்சன், 2011-இல் ஆற்றிய ஓர் உரையில் மூன்றே விதிகளில் அடக்கிவிட்டார். இணைக்கும் படங்கள் ஒரே கண்ணோட்டத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றின்மேல் விழும் ஒளி ஒரே வகையாயிருக்க வேண்டும். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லமுடியாதபடி இணைய வேண்டும். கேட்பதற்கு இவை பால பாடம்போல் இருக்கின்றன. கடைப்பிடிப்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தார்ச்சாலையை ஒரு துணியைப்போல் பற்றி இழுத்துக்கொண்டு நடக்கும் மனிதன் அவருடைய ஆரம்பகாலப் படங்களுள் ஒன்று. வேறொரு படத்தில் ஏரியின் நீர்ப்பரப்பு முழுவதும் உடைந்த நிலைக்கண்ணாடியாகச் சிதறிக் கிடக்கிறது. அதற்காக அவர் இணையத்தில் கிடைக்கும் கண்ணாடிப் படத்தைத் தேடிப் பிடிக்கவில்லை; சதுர மீட்டர் கணக்கில் நிஜக் கண்ணாடியை வாங்கி, வெட்டவெளிக்குக் கொண்டுபோய், உடைத்துப் படம் எடுத்தார். பொய் சொல்வதற்கு இவ்வளவு மெய்யான சாமான்களைச் சேகரிக்கும் மனிதரை வேறெந்தத் தொழிலிலும் காண்பது அரிது.

அந்த மூன்று விதிகளும் கைவேலையில் எப்படி இறங்குகின்றன என்பதை வாசகர்கள் தம் வீட்டுக் கொல்லையிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். கத்தரிச் செடியில் காய்க்குப் பதிலாகக் குண்டு பல்பு காய்த்துத் தொங்குவதாக ஒரு படம் செய்ய நினைக்கிறோம் என்று வையுங்கள். உருண்டைக் கத்தரிக்கும் பல்புக்கும் வடிவப் பொருத்தம் இருக்கிறது. காயின் தலைமேல் கவிந்திருக்கும் பச்சைத் தொப்பி, பல்பின் பித்தளைக் கழுத்தை மூடிக்கொள்ளவென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஆகவே உறவுக்குக் குறைவில்லை.

முதலில் காயோடு செடியை ஒரு படம். காமிரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கட்டும். பிறகு காயைப் பறித்துவிட்டு, அது மறைத்திருந்த இலைகள் தெரியும்படி மற்றொரு படம். காயைப் பறித்ததும், அதன் பாரம் நீங்கிய கிளை சற்றே மேலெழும்பிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். முடிவான படத்தில் முதற்படத்தின் தாழ்ந்த கிளைதான் இருக்கவேண்டும், இல்லையேல் பல்பு காற்றைவிட இலேசானதாகத் தோன்றும். மூன்றாவதாக, பல்பை ஒரு நூலில் கட்டிக் காய் இருந்த அதே இடத்தில் தொங்கவிட்டு ஒரு படம். இதை வீட்டுக்குள் மேசைமேல் வைத்து எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். தெளிந்த கண்ணாடிக்கென்று சொந்த நிறம் ஏது? சுற்றியிருப்பவற்றின் பிரதிபலிப்பும், ஊடே தெரியும் காட்சியுமே அதன் உருவம். அறைக்குள் எடுத்த பல்பின் கன்னத்தில் ஜன்னலின் சதுர வெளிச்சம் பளபளக்கும். தோட்டத்து நடுவே அந்த ஜன்னல் ஏது என்று எந்தக் குழந்தையும் கேட்டுவிடும். மூன்று படங்களையும் சில நிமிஷங்களுக்குள் எடுத்துவிடவும் வேண்டும். வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டிருக்கிறது. காபி குடித்துவிட்டு வந்து மீதியை எடுக்கலாம் என்று போனால், நிழல்களெல்லாம் அதற்குள் இடம் மாறியிருக்கும்.

கம்ப்யூட்டரில் அடியிலே காயற்ற செடி, அதன்மேல் பல்பு, எல்லாவற்றுக்கும் மேலே முதற்படத்திலிருந்து எடுத்த கிளையும் பச்சைத் தொப்பியும். மாஸ்க்கின் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் விடாமல் ஓரிரு பிக்ஸல் அளவு மெத்தென்று ஆக்கவேண்டும்; லென்ஸ் எந்தப் பொருளின் ஓரத்தையும் அவ்வளவு கூர்மையாக வரைவதில்லை. தொப்பியின் சிறு முட்கள் கண்ணாடியின்மேல் வீழ்த்தும் நிழல் எந்தப் படத்திலும் இராது, ஏனெனில் அவை இரண்டும் ஒருபோதும் சந்தித்ததில்லை. அதை நாமே வரையவேண்டும். அடியிலுள்ளதைக் கருமையாக்கிக் காட்டும் மல்டிப்ளை என்ற முறையில் வைத்த ஒரு லேயரில், கறுப்பாக அன்றி, இலையின் பச்சை சிறிது கலந்த கருமையாக.

தரையில் விழும் நிழலிலேதான் பெரும்பாலான படங்கள் பிடிபடுகின்றன. கத்தரிக்காயின் நிழல் முழுக் கறுப்பு. பல்பின் நிழலோ ஓரத்தில் கறுத்து, நடுவே வெளிறி, உள்ளே ஓரிடத்தில் ஒளி குவிந்து கிடக்கும். காயின் நிழலையே பல்புக்கு வைத்துவிட்டால், பார்ப்பவர் காரணம் சொல்லமாட்டார். "என்னவோ சரியில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். நிழலின் விளிம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் புள்ளியாயிராமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாயிருப்பதால், பொருள் தரையிலிருந்து உயர உயர நிழலின் ஓரம் மங்குகிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்கையில், ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள இலையின் நிழல் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு விளிம்பு கலைந்து விழும். தரையைத் தொட்டுக் கிடக்கும் சருகின் நிழலோ கோடு கிழித்தாற்போல் இருக்கும். அந்தரத்தில் நிற்பதை அந்தரத்தில் நிற்பதாகவே நம்பவைப்பது இந்த மங்கல்தான். இயற்கையின் ஒரு சட்டத்தை மீறத் துணிந்தவர், மற்ற எல்லாச் சட்டங்களுக்கும் முன்னைவிட அதிகமாகக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

சொன்ன மாத்திரத்தில் படத்தை வரைந்து நீட்டும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. கத்தரிச் செடியில் பல்பு என்று ஒரு வரி தட்டினால், மூச்சு விடுவதற்குள் பத்துப் படங்கள் கிடைக்கின்றன. அவற்றை நான் இகழவில்லை. எனினும் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: செடியின் முன்னே குத்துக்காலிட்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று உற்றுப் பார்த்தவருக்குக் கிடைக்கும் கண், ஒரு வரி தட்டியவருக்குக் கிடைப்பதில்லை. படம் உபரி லாபம். கண்தான் அசல் லாபம். யந்திரத்தின் படத்திலும் நிழல் பிழையாயிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்தக் கண்தான் வேண்டும்.

இதில் இறங்க விரும்புகிறவர்களுக்குப் பெரும் பொருட்செலவு எதுவும் கிடையாது. விலை கொடுத்து ஃபோட்டோஷாப் வாங்க இயலாதவர்களுக்கு, கலிஃபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்து 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் கிம்ப் என்னும் புரோகிராம் இருக்கிறது. மேலே சொன்ன லேயர், மாஸ்க், மல்டிப்ளை எல்லாம் அதிலும் உண்டு. கையிலுள்ள போன் காமிராவே போதும். பிறர் எடுத்த படங்களை இணையத்திலிருந்து வாரிக்கொள்ளாமல், எல்லாத் துண்டுகளையும் நீங்களே, ஒரே இடத்தில், ஒரே பொழுதில் எடுங்கள். செய்து முடித்த படத்தை நண்பர்களுக்கு அனுப்புகையில் அதன் கீழே "இணைப்புப் படம்" என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். செய்தி என்று சொல்லி அனுப்பும் படத்தில் மட்டும் இந்தக் கைவரிசையை ஒருபோதும் காட்டாதீர்கள்.